பூசைக்கு முன் ஒரு முறுக்கு

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டவர் என் கணவர்தான். வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவை ஆண்ட காலத்துக் கதை. கத்தோலிக்க அதிகாரி ஒருவர், மனைவி ஊரில் இல்லாதபோது இன்னொருத்தியோடு பழகிவிடுகிறார். திரும்பி வந்த மனைவி, சேர்ந்து பூசைக்குப் போய் நற்கருணை வாங்கலாம் என்கிறாள். சாவான பாவம் எனப்படும் பெரும்பாவம் செய்தவர் மன்னிப்புப் பெறாமல் அந்த அப்பத்தை வாங்கக்கூடாது. வாங்காவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். வாங்கினால், சாவான பாவத்தோடு ஆண்டவரை நாக்கில் ஏந்திய பாவமும் சேரும்.

"வசமா மாட்டிக்கிட்டான்" என்றார் என் கணவர், டிவியைப் பார்த்தபடியே.

ஐந்து மாதமாக, ஆபீஸில் ஒருவரோடு எனக்கும் அதே கதைதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்றிருக்கலாம். ஆனால் 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று சொல்லவேண்டுமே, அதற்கு எனக்கு மனம் வரவில்லை. எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

மறுநாள் பக்கத்து ஊரான கேட்டியில், மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசை. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக்கூடாது என்பது விதி. எனக்கு அதுவே தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. கார் ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும், பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுக்க எடுத்து வந்த டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கைக் கடித்தேன். பாதி தின்ற பிறகு, "ஐயையோ, சாப்பிடக்கூடாதுன்னு மறந்தே போச்சுங்க" என்றேன்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருபது வருஷத்துல ஒரு தடவகூட நீ மறந்ததில்லையே."

கோயில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினார். "எனக்கும் ஒண்ணு குடு" என்று கை நீட்டி வாங்கி, நிதானமாக, முழுவதையும் தின்றார். நான் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

நற்கருணை நேரத்தில் எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் முழங்காலை உரசிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள். ஓர் ஆன்ட்டி நின்று, "நீங்க வரலையா?" என்றார்.

"சாப்ட்டுட்டோம் ஆன்ட்டி" என்று சிரித்தார் என் கணவர்.

ஆன்ட்டியும் போய்விட்டார். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். பாடகர் குழு உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. அவர் பீடத்தைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இப்ப சொல்லு. யாரு அவன்?"