லிப்ட்காரர் கட்டிப்போட்ட பைன் கன்றுகள்

அடுக்குமாடிகளில் லிப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர் என்பதால் தெருவுக்கே அவர் லிப்ட்காரர். ஓய்வுபெற்றதும் கடலைப் பார்த்த கடைசி வீட்டை ஆசை ஆசையாக வாங்கினார். கடற்காற்று அந்த ஆசையைச் சட்டை செய்யவில்லை. ரோஜா கருகியது, கொய்யா கருகியது. கொடியில் போட்ட துணிகூட உப்பேறி விறைத்தது. அவர் மனைவி தையலம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தக் காத்துக்காலம் முடியறதுக்குள்ள தோட்டத்துல ஏதாவது உயிரோட நிக்கணும். இல்லன்னா பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவோம். ஆமா, சொல்லிட்டேன்."

வீட்டை விட்டுப்போக லிப்ட்காரருக்கு மனமே இல்லை. உப்புக்காற்றைத் தாங்கும் பைன் மரக் கன்று தேடி மனைவியோடு நாற்றுப்பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் ஒரு கன்றை நீட்டினார். லிப்ட்காரர் ஓர் இலையைக் கிள்ளி இழுத்தார், கணுக்கணுவாகக் கழன்றது.

"இது சவுக்குங்க. பைன்னா அடியில சின்ன உறை இருக்கும், அதுலேருந்து ஊசி மாதிரி இலை கொத்தா வரும்."

"சவுக்கும் காத்தை மறைக்கும்ல?" என்றார் தையலம்மா.

"மறைக்கும். ஆனா நான் பைனுக்குத்தானே வந்தேன்?"

முழங்கால் உயரப் பைன் கன்றுகளாகப் பார்த்து வாங்கி, வரிசையாக நட்டார். அதோடு விட்டாரா? ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் கம்பி போட்டு, இம்மியும் அசையாதபடி முறுக்கிக் கட்டினார்.

"செடி வளர்க்கிறீங்களா, ஜெயில்ல போடுறீங்களா?"

"கம்பி தளர்ந்தா லிப்ட் என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

காற்றுக்காலத்தின் நடுவில், உப்பில் துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கன்றுகள் துவண்டு தரையில் சாய்ந்தன. லிப்ட்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டியைக் கட்டு. போயிடலாம்."

தையலம்மா போய் ஒரு கன்றை நிமிர்த்திப் பார்த்தார். தண்டு நூலாக இருந்தது. வேர் மட்டும் இன்னும் மண்ணில்தான் இருந்தது.

"ஆடவே விடலியே, அப்புறம் எங்கேருந்து பலம் வரும்? கையத் தூக்க இடம் விடாம சட்டை தைச்சா கிழியாதா?"

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குச்சி நட்டு, தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியால் தண்டின் அடியில் தொளதொளவென்று முடிச்சுப் போட்டார். காற்றில் கன்றுகள் தலையை ஆட்டின. லிப்ட்காரர் ஓடிவந்து பிடிக்கப் போனார்.

"ஆடுதேடி!"

"ஆடட்டும். நீங்க அந்தப் பக்கம் போங்க, கை பரபரங்குது உங்களுக்கு."

கடல் பக்க ஊசியிலைகள் பழுத்து உதிர்ந்தன. ஆனாலும் காற்று ஓய்ந்தபோது, பெரும்பாலான கன்றுகளின் உச்சியில் மெழுகுவத்தி போல வெளிர்ந்த குருத்து நிமிர்ந்திருந்தது.

அன்றைக்கு மகள் போனில் கேட்டாள்: "எப்பம்மா வர்றீங்க? ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கேன்."

"உங்கப்பாவை வேணா அனுப்பறேன். நான் இப்ப வரமுடியாதும்மா. அந்தாளு கிட்ட செடியைத் தனியா விட்டா மறுபடி கம்பி எடுத்துடுவார்."

பக்கத்தில் நின்ற லிப்ட்காரர் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.