சலவை ஆலைக்கு வந்த மாப்பிள்ளை

வீட்டில் சோபா கிடக்கும் திசையைக்கூட மாற்ற விடாத ஒருத்திக்கு ஒரு நிறுவனத்தையே மாற்றும் வேலை கிடைத்தது. பதவியின் முழுப்பெயர் 'டிஜிட்டல் மாற்றத் துறைத் தலைவி'. கதவில் ஒட்டிய பலகையில் அது ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அத்தனையையும் வாயில் போட்டு மெல்ல ஆலையில் யாருக்கும் நேரமில்லை, 'மாத்தக்கா' என்று சுருக்கிக்கொண்டார்கள். துறை என்றால் அவள் ஒருத்திதான். தலைவியும் அவளே, தொண்டரும் அவளே.

ஆலை என்பது சலவை ஆலை. ஹோட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் சேரும் விரிப்பு, டவல், தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம். ஊர் எழுந்து பல் துலக்குவதற்குள் லாரிகள் அழுக்கைக் கொண்டுவந்து கொட்டும். சாயங்காலம் அதே லாரிகள் வெள்ளை வெளேரென்று எதையோ ஏற்றிக்கொண்டு, காலையில் வந்தது நாங்களில்லை என்பதுபோலப் புறப்படும். உள்ளே எந்நேரமும் நீராவி. கண்ணாடி போட்டவர்கள் வாசலைத் தாண்டியதும் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றித் துடைப்பது.

அங்கே அவள் வேலைக்குச் சேர்ந்தது புகார் கேட்கும் ஃபோனில். உறை குறைகிறது, கறை போகவில்லை, வேறு ஹோட்டல் டவல் வந்திருக்கிறது என்று நாள் முழுக்கத் திட்டு வாங்க ஒரு காது தேவைப்பட்டது. அது அவளுடையதாக இருந்தது. அடுத்தவர் குரல் உயர உயரத் தன் குரலைத் தாழ்த்துவது அவள் வழக்கம். கத்துவதற்கென்று கூப்பிட்டவர்கள் அவள் பேசுவது கேட்காமல் தாங்களும் குரலை இறக்கி, கடைசியில் பிள்ளையின் கணக்கு மார்க்கைப் பற்றி வருத்தப்பட்டுவிட்டு வைப்பார்கள். அப்படியே சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள், பில் போடுவதைக் கணினிக்கு மாற்றினாள், லாரி எங்கே நிற்கிறது என்பதை ஃபோனில் பார்க்க வழி செய்தாள். இதெல்லாம் நடந்த பிறகுதான் எம்.டி. அவளைக் கூப்பிட்டு, ஆலைக்கு ஏ.ஐ. வேண்டும் என்றார்.

எம்.டி. நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே குறை, முடிவெடுக்க வராது. மதில் மேல் பூனைகூட ஒருநாள் ஏதாவதொரு பக்கம் குதித்துவிடும். இவர் மதிலை அகலப்படுத்தி அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டவர். ஆகவே வாங்கிய ஏ.ஐ.க்கு இரண்டு வேலைகள் தரப்பட்டன. காலையில் எந்தத் துணி எந்த மெஷினுக்கு, யார் எங்கே நிற்பது, எந்த லாரி முதலில் கிளம்புவது என்று திட்டம் போட வேண்டும். பிறகு எம்.டி.க்கு, இன்று ஒரு தலைவர் கவனிக்க வேண்டியவை என்று சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும்.

ஆலையில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். வந்ததும் தனி ஏசி அறை, எல்லோரும் மரியாதை கொடுக்கணும், எதைச் சொன்னாலும் தலையாட்டணும், ஒரு துணியைக்கூடத் தூக்காது. வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். மாத்தக்காவும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள்.

ஆறு மாதச் சோதனை. அது முடிந்ததும் எம்.டி.யும் அவருடைய இரண்டு அண்ணன்மாரும் கூடி முடிவு செய்வார்கள். மாப்பிள்ளை தங்கினால் அவள் பதவி நிரந்தரம். தங்காவிட்டால் அவள் பழையபடி புகார் ஃபோனுக்கு. அந்த ஃபோன் இன்னும் அதே மேஜையில் இருந்தது, அதே குரலில் அடித்தது.

முதல் மாதத்தில் ஒரு சிறு கலவரம். 'இன்று ஒரு தொழிலாளியை நேரில் பாராட்டுங்கள், பொதுவாக இல்லாமல் குறிப்பாகச் சொல்லுங்கள்' என்று குறிப்பில் வந்திருந்தது. எம்.டி. நீராவிக்குள் இறங்கிவந்து, பாய்லர்காரரிடம் போய், "உங்க வால்வெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தபடி மேலே போனார். பதினைந்து வருடத்தில் அவர் பாய்லரைப் பார்த்ததே இல்லை. வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிய பாய்லர்காரர் அன்றே வேறு இடத்தில் விசாரிக்கத் தொடங்கினார். மாத்தக்கா போய்ச் சமாதானம் சொன்னதில் பாதியைத்தான் நம்பினார்.

மற்றபடி எல்லாம் வெண்ணெயில் கத்தி போட்டதுபோலப் போயிற்று. மாப்பிள்ளை போடும் திட்டத்தை சூப்பர்வைசர்கள் ஏற்றார்களா, மாற்றினார்களா என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஏற்பு விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மாப்பிள்ளையை விற்ற கம்பெனிக்காரர்களே நம்பாமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். எம்.டி. அந்த எண்ணை விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்தது. முடிவு செய்யும் கூட்டம் வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று மாத்தக்கா மாப்பிள்ளையிடமே அறிக்கையைத் தயாரிக்கச் சொன்னாள். அழகாகத் தயாரித்துத் தந்தது. கீழே மட்டும் ஒரு குறிப்பு: ஏற்பு விகிதத்தைச் சாதனையாகக் காட்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை.

ஏன் என்று கேட்டாள். அது பொறுமையாக விளக்கியது. தினமும் முதல் திட்டத்தை யாரும் ஏற்பதில்லை. காரணங்களைச் சேர்த்து மறுபடி போடச் சொல்கிறார்கள், ஒரே ஒரு திட்டம் மட்டும் சாத்தியமாகும் வரை சேர்த்துக்கொண்டே போகிறார்கள், பிறகு அதை ஏற்கிறார்கள். கணக்கில் கடைசித் திட்டம் மட்டும் பதிவாகிறது. காரணங்களும் விசித்திரமாக இருக்கின்றன. உதாரணத்துக்கு, இஸ்திரி உருளையில் விரிப்பு போடும் மூத்த ஊழியருக்குக் கைவலி என்று எழுதுகிறார்கள். மடிக்கும் முனையில் உள்ள ஒருவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் மட்டும் அந்தக் கைவலி குணமாகிவிடுகிறது. இதற்கு மருத்துவக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

மாத்தக்காவுக்குத் தெரிந்தது. அந்த இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டி, ஒரே ஆலைக்கு வந்து, பல வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். சண்டைக்குக் காரணம் குக்கர் மூடி என்பார் ஆலையில் ஒருவர், கல்யாண ஃபோட்டோ என்பார் இன்னொருவர். காரணம் அவர்களுக்கே மறந்துவிட்டது, சண்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூத்தவள் விரிப்பைச் சுருக்கமில்லாமல் உருளைக்குள் விடுவதில் கெட்டிக்காரி. இளையவள் மறுபக்கம் வந்து விழுவதை மடிப்பதில். இருவரையும் ஒரே உருளையில் நிறுத்தாமல் வேலையைப் பங்கிடுவதுதான் அந்த ஆலையின் எழுதப்படாத முதல் விதி.

மறுநாள் காலை அவள் முன்னதாகவே வந்து, டவல் அடுக்குகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைப் பலகை. அதில் அன்றைய திட்டம் முழுவதும் பழைய முறைப்படி எழுதி முடிந்திருந்தது. கையெழுத்து அவள் கணவனுடையது. அவன் அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவனும் இன்னும் இரண்டு சூப்பர்வைசர்களும் கணினியைச் சூழ்ந்து நின்று, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, ஒவ்வொரு காரணமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி டயரில் காற்றில்லை என்று போட்டதும் திரையும் பலகையும் ஒத்துப்போயின. மூவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வீட்டில் ஆலைப் பேச்சு கூடாது என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆலையில் அவன் அவளுக்கு இரண்டு படி கீழே; வீட்டில் படிகளே இல்லை என்பது அவன் கட்சி. அன்று சாயங்காலம் அவள் ஒப்பந்தத்தை மீறினாள். ஊர்த்துணியெல்லாம் துவைக்கிற தம்பதி வீட்டில் சொந்தத் துணி கூடையில் மலையாகக் கிடக்கும். அவன் அந்த மலையை மடித்துக்கொண்டிருந்தான்.

"மூத்தவங்களுக்குக் கைவலின்னு எழுதினது யாருங்க?"

"எந்தக் கைவலி?"

"ஓரகத்தி வேலைக்கு வந்தா வர்ற கைவலி. லீவு போட்டா போயிடுற கைவலி."

அவன் ஒரு சட்டைக் காலரை வெகு சிரத்தையாக நீவினான். "வயசாச்சு இல்ல. வரும், போகும்."

"சொல்லுங்க," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். புகார் ஃபோனில் பழகிய குரல் அது. யாராக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் கக்கிவிடுவார்கள்.

"உனக்காகத்தான் பண்ணோம்," என்றான். "அது போட்ட மாதிரியே விட்டிருந்தா மொத வாரமே கவுந்திருக்கும். அப்புறம் நீ மறுபடி அந்த ஃபோன்ல உக்காந்து திட்டு வாங்கணும். அதை நாங்க பாத்துட்டு நிக்கணுமா? பரீட்சைக்குப் போற புள்ளைக்கு ஒரு பேனா குடுத்த மாதிரின்னு வெச்சுக்கோ."

"பேனாவா குடுத்தீங்க? பரீட்சையையே நீங்க எழுதியிருக்கீங்க."

கோபப்பட வேண்டிய இடம் அது. கோபம் வரவில்லை. ஆறு மாதமாக விடியலில் எழுந்து, வேலையைக் குறைக்க வந்த மெஷினுக்காக வேலையை இரண்டு மடங்காக்கிக்கொண்ட மூன்று தடியர்களை நினைத்தாள், உதடு துடித்தது. சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே சொன்னாள்: நாளை ஒருநாள், ஒரு பொய்யும் கூடாது. கைவலி இல்லை, காற்றுப் போன டயர் இல்லை. அது போடுகிற முதல் திட்டம்தான். மாற்ற வேண்டுமென்றால் உண்மையான காரணத்தை எழுதி மாற்றலாம்.

"ரெண்டு பேரையும் ஒரே உருளைல நிக்க வெச்சா, துணி காயறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பணும்."

"அனுப்பலாம். லாரி எப்படியும் அங்கதானே போகுது."

எதிர்பார்த்தபடியே வியாழக்கிழமை மாப்பிள்ளை இருவரையும் ஒரே உருளையின் இரண்டு முனைகளில் நிறுத்தியது. செய்தி நீராவியைவிட வேகமாகப் பரவியது. பாய்லர்காரர் வேலை இருப்பதுபோல ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகவே நடமாடினார். மூத்தவள் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விரிப்பை உள்ளே விட்டாள். இளையவள் மறுபக்கம் பிடித்து மடித்தாள்.

சண்டை வரவில்லை. சமாதானமும் வரவில்லை. மூத்தவள் கொஞ்சம் வேகமாக விட்டாள், 'சமாளி பார்க்கலாம்' என்பதுபோல. இளையவள் அதற்கும் வேகமாக மடித்து, வெறுங்கையோடு நின்று கூரையைப் பார்த்தாள். மூத்தவள் இன்னும் வேகமாக விட்டாள். பேச வேண்டியதை விரிப்பிடம் பேசினார்கள். "சில பேர் கோணலா விட்டா நாம என்ன பண்றது" என்று இளையவள் ஒரு விரிப்பிடம் முறையிட்டாள். "மடிக்கத் தெரியாதவங்களுக்கு எல்லாம் கோணல்தான்" என்று மூத்தவள் அடுத்த விரிப்பிடம் சொல்லி உள்ளே அனுப்பினாள். மத்தியானத்துக்குள் அன்றைய விரிப்பு மொத்தமும் தீர்ந்து, உருளை சும்மா சுழன்றது. ஆலை கண்டிராத காட்சி அது.

எல்லாமே அப்படி இல்லை. ஹோட்டல்காரர்கள் எல்லாவற்றுக்கும் 'அவசரம்' என்று எழுதுவார்கள். மருத்துவமனை எதற்கும் எழுதாது, அவர்களுக்கு எல்லாமே அவசரம் என்பதால். மாப்பிள்ளை எழுத்தை நம்பி, அறுவை அறை விரிப்பைப் பின்னால் தள்ளி, நீச்சல்குள டவலை முதலில் வைத்திருந்தது. கணவன் அதைத் திருத்தி, ஆறு மாதத்தில் முதல்முறையாக உண்மைக் காரணத்தை எழுதினான். எழுதிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். சாயங்காலம் மாப்பிள்ளையின் அறிக்கை வந்தது: உருளைப் பிரிவில் சிறந்த கூட்டுறவு, இரு ஊழியர்களுக்கிடையே ஆழ்ந்த புரிதல் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மாத்தக்கா கூட்ட அறைக்குள் போனபோது அண்ணன்மார் இருவரும் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் இரவே ஒத்திகை பார்த்திருந்தாள். அதற்குள் எம்.டி. அவள் அறிக்கையை முன்னால் வைத்து, மாப்பிள்ளை எழுதித் தந்த அன்றைய குறிப்பைக் கையில் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தார்.

"இதுல எந்த நம்பரை நீங்களே நம்பல?"

அவர் தலைவராக வந்ததிலிருந்து கேட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். வாசித்துக் கேட்டார் என்பதால் கேள்வி கெட்டுவிடவில்லை.

"தொண்ணூத்தெட்டை சார்," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: பலகை, கைவலி, டயர். யார் எழுதியது என்பதை மட்டும் 'நாங்க' என்று சொன்னாள்.

பெரிய அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆறு மாசமா ஆலையை நடத்தினது யாரு?"

"எப்பவும் நடத்துறவங்கதான் சார்."

"அப்புறம் மெஷின் எதுக்கு?"

"அது உண்மையா வேலை பார்த்தது நேத்து ஒரு நாள்தான் சார். விரிப்புல அது சொன்னது சரி, நாங்க இத்தனை வருஷமா பயந்தது தப்பு. ஆஸ்பத்திரி விஷயத்துல நாங்க சரி, அது தப்பு. ஒரு நாளை வெச்சு இதுக்கு மேல சொன்னா அதுவும் பொய்யாயிடும்."

எல்லோரும் எம்.டி.யைப் பார்த்தார்கள். எம்.டி. குறிப்பைப் பார்த்தார். அடுத்து என்ன சொல்வது என்று அதில் இல்லை. திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. பெரிய அண்ணன் தொண்டையைச் செருமினார். எம்.டி. காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"இன்னும் ஆறு மாசம். மொதல்லேர்ந்து. இந்தத் தடவை நெஜமாவே," என்றார். சொன்ன பிறகு, சொன்னது தாம்தானா என்று ஒருமுறை அண்ணன்மாரைப் பார்த்துக்கொண்டார். அவள் பதவியும் அதோடு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. நிரந்தரமும் இல்லை, ஃபோனும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கணவன் இழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு அவள் அறைக்கு வந்தான். ஏற்பு விகிதம் ஐம்பத்து மூன்று. மற்ற இரண்டு சூப்பர்வைசர்களும் வெளியே நின்றார்கள், உள்ளே வரத் தைரியமில்லை.

"காரணமெல்லாம் உண்மைதானே?" என்றாள்.

"சத்தியமா."

அவள் திரையில் ஒவ்வொன்றாகப் படித்தாள். உருளைப் பிரிவுத் திட்டம் மாற்றப்பட்டதற்கு எதிரே எழுதியிருந்தது: 'மூத்தவர் நிற்கும் முனைதான் சுலபம் என்கிறார் இளையவர், இடம் மாற்றிக் கேட்கிறார். தாராளமாக வரட்டும் என்கிறார் மூத்தவர். இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள்.'

மாத்தக்கா ஐம்பத்து மூன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எம்.டி. அறைக்கு எடுத்துப் போனாள், பரிசு வாங்கிய பிள்ளை நடக்கிற நடையில்.