உட்கார்ந்து தேய்த்த சட்டை

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் படிக்க மேஜை கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். கல்லூரிக்காக ஊரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தையின் இஸ்திரி மெஷினை மூடினால், அந்த மூடிதான் என் மேஜை. வேலை முடிந்த சூடு அதில் மிச்சமிருக்கும். மழைக்காலத்தில் புத்தகத்தோடு கையையும் அதன்மேல் பரப்பிக்கொள்வேன்.

அந்த மாதிரி மெஷினை இப்போது பலர் பார்த்திருக்க மாட்டார்கள். தையல் மெஷின் உயரம்தான். துணி சுற்றிய நீள உருளை, அதை அணைத்தாற்போல் வளைந்த சூடான இரும்புத் தகடு. முன்னால் உட்கார்ந்து முழங்காலால் ஒரு கம்பியைத் தள்ளினால், உருளை சுழன்று துணியை உள்ளே இழுத்து, சுருக்கமில்லாமல் மறுபக்கம் தள்ளும். யாரோ வீடு காலி செய்தபோது வீசப்போனதை, லாரி பட்டறை மெக்கானிக்கான மாமா தூக்கிவந்து ஓட வைத்தார்.

காரணம், அத்தையின் முதுகு. சலவைக்கடையில் வருஷக்கணக்காக நின்றே தேய்த்தவர். இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை வேலை போனது. வேறு வேலை அவருக்குத் தெரியாது. நான் வந்து சேர்ந்த நேரமும் அதுதான்.

மெஷின் ஓடுவதைக் கேள்விப்பட்டு, பக்கத்துத் தெரு விடுதி மேனேஜர் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"பெட்ஷீட் மட்டும் தனியா தர முடியாதும்மா. வாசல்லயும் கவுண்டர்லயும் நிக்கிற எங்க ஆளுங்க சட்டையும் சேர்த்து எடுத்தாத்தான். மாதிரிக்கு ஒண்ணு தேய்ச்சு வைங்க, நாளைக்கு வர்றேன்" என்று ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்ஷீட் வழுக்கிக்கொண்டு போகும். சட்டைதான் படுத்தியது. முதலில் மாமாவின் சட்டையைக் கொடுத்துப் பார்த்தோம். சடக், சடக். இரண்டு பட்டன் நொறுங்கி விழுந்தன.

"பசி போலிருக்கு. பட்டனைக் கடிச்சுத் திங்குது" என்றார் மாமா.

"வாயை மூடிக்கிட்டுப் போய்க் குளிங்க. கிரீஸ் நாத்தம் தாங்கல" என்றார் அத்தை. நொறுங்கிய பட்டன்களைப் பொறுக்கி எடுத்தார்.

கொஞ்ச நேரம் உருளையை விரலால் அமுக்கிப் பார்த்தபடி இருந்தார். சுற்றியிருந்த துணி பழசாகிக் கல் மாதிரி இறுகியிருந்தது. பட்டன் அமுங்க இடமே இல்லை. உள்ளே போய் ஒரு கம்பளியும் கத்தரிக்கோலும் எடுத்து வந்தார். பழைய துணியை உரித்துவிட்டு, கம்பளியை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றினோம். நான் பிடித்துக்கொண்டேன், அவர் தைத்தார். பிறகு மேனேஜர் தந்த சட்டையைத் திருப்பி, பட்டன் உருளைப் பக்கம் இருக்கும்படி வைத்து முழங்காலைத் தள்ளினார்.

குளித்துவிட்டு வந்த மாமாவும் குனிந்து பார்த்தார். சத்தமே இல்லாமல் சட்டை வெளியே வந்தது.

அப்போதுதான் மாமா தலையைத் துவட்டியபடி கேட்டார்: "ஆமா, அது என் கம்பளியில்ல?"

"உங்களோடதுதான்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குக் குளிர்ந்தா பனியன் இருக்கு. மெஷினுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் மேனேஜர் காலரைத் திருப்பிப் பார்த்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து ரெண்டையும் அனுப்பறேம்மா."

நான் சாப்பிட்ட சாப்பாடும், ஏறிய பஸ்ஸும், வாங்கிய புத்தகமும் அந்த ஒரு வார்த்தையிலிருந்து வந்தவை. என் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளில் பாதி அத்தைக்குச் சொந்தம்.

மேனேஜர் கிளம்ப எழுந்தார். வீட்டுக்கு வந்தவர் எழுந்தால் அத்தையும் எழுந்துவிடுவார், அப்படியே பழகியவர். மெஷினைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முதுகு விடவில்லை.

"எந்திரிக்கலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க சார்."

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "நிக்கறதுக்குத்தான் எங்க ஆளுங்க இருக்காங்களே."

அத்தை உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.