‘வாறன்’ என்று பெயர் வைத்த டிஸ்க்

பேய், ஆவி எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களின் கதை என்று நினைத்திருந்தவன் நான், இப்போதும் முக்கால்வாசி அப்படித்தான், அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். ஆனால் ஒன்று, இது நடுச்சாமத்தில் நடக்கவில்லை. வவுனியாவில், பட்டப்பகலில், புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்த நேரத்தில் நடந்தது.

சமாதானக் காலம். இடம்பெயர்ந்தவர்களின் விவரங்களைச் சேர்த்து வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கொழும்பில் யாரோ கழித்துவிட்ட மெயின்பிரேம் கணினி ஒன்று, அலுமாரி அளவு, அங்கே இருந்தது. யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதன் டிஸ்க்கில்தான், காகிதங்களைக் கறையான் தின்றுவிட்டது. அந்த டிஸ்க்கை அப்படியே தொலைபேசி லைன் வழியாகக் கொழும்பில் உள்ள புதிய டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். சொல்ல எவ்வளவு சுகம். லைன் அறும், முதலிலிருந்து தொடங்கு. கரண்ட் போகும், முதலிலிருந்து தொடங்கு. கொழும்புப் பொறியியலாளர் கைத்தொலைபேசியில் என்னைப் போட்டு வறுத்தெடுப்பார், லைனை நான்தான் வாயால் கடித்து அறுத்தது போல. அலுவலகத்துக்கு இருந்ததே ஒரு லைன். மேசைத் தொலைபேசியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோடத்தைச் செருகியிருந்தேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்று அந்த மனிதர், “பழைய இணைப்பை முழுக்க அழிச்சுப்போடும், இங்க பாதியில கிடந்த பிரதியையும் நான் துடைச்சிட்டன், புதுசாத் தொடங்கும், நாளைக்கு மெஷினை ஏத்த லொறி வருது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த இணைப்பைப் போட்டது நானில்லை. எனக்கு முன்னே அந்தக் கதிரையில் இருந்த செல்வி அக்கா. கனகராயன்குளத்துக்காரி, காய்ச்சலில் இறந்துபோனவா. நான் அவாவைக் கண்டதே இல்லை.

சுவரோர வாங்குப் பலகையில் ரஹீம் நானா இருந்தார். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த துணி வியாபாரி. அந்த இடப்பெயர்வில் பிரிந்துபோன தம்பியைத் தேடி, செல்வி அக்கா காலத்திலிருந்தே கடையை மூடிவிட்டு வந்து பின்னேரம் வரை இங்கே இருப்பார். விவரம் கொழும்புக்குப் போனால் மற்ற மாவட்டத்துப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதுதான் அவருடைய ஒரே நம்பிக்கை.

“இண்டைக்காவது போகுமோ தம்பி?”

“போகும் நானா, சும்மா இருங்கோ,” என்று எரிந்து விழுந்தேன்.

எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்டது. செல்வி அக்கா இரண்டு டிஸ்க்குக்கும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்திருந்தா. ஒன்று ‘வாறன்’, மற்றது ‘நிக்கிறன்’. இதென்ன விசர் பெயர்கள் என்று எரிச்சல்தான் வந்தது. நிற்பது இங்கே உள்ள பழையது, வருவது புதியது, வேறென்ன இருக்கப்போகிறது? ‘நிக்கிறன்’ இலிருந்து ‘வாறன்’ இற்கு என்று அடித்தேன். இனி ஒரு விசை அழுத்த வேண்டியதுதான்.

தொலைபேசி அடித்தது.

“தம்பி, போன் அடிக்குது, எடுங்கோவன்,” என்றார் நானா.

இருந்த கடுப்பில் எடுத்துவிட்டேன். ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், “நான் வாறன் தம்பி. இன்னும் வெளிக்கிடேல்லை,” என்றது.

“ஆரது? வெளிக்கிடாமல் என்னெண்டு வாறது?” என்று கத்தினேன். லைனில் இரைச்சல்கூட இல்லை.

ரிசீவரை வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பியபோதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யார் ‘போறன்’ என்று சொல்வார்கள்? அபசகுனம். போகிறவர்தானே ‘வாறன்’ என்பார். அப்படியென்றால் இங்கிருந்து போக வேண்டிய டிஸ்க்தான் ‘வாறன்’. இரண்டையும் திறந்து பார்த்தேன். ‘வாறன்’ நிரம்பியிருந்தது. ‘நிக்கிறன்’ துடைத்த வெறும் டிஸ்க். விசையை அழுத்தியிருந்தால் வெறுமை வந்து எல்லாப் பெயரையும் தின்றிருக்கும், நானாவின் தம்பியையும் சேர்த்து.

திசையை மாற்றி அழுத்தினேன். நம்பினால் நம்புங்கள், அன்று லைன் ஒருமுறைகூட அறவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசியின் வயரைப் பார்த்தேன். நான் கழற்றிப் போட்டபடியே, மேசைக்குக் கீழே தரையில் கிடந்தது.

நானாவிடம் காட்டினேன். குனிந்து வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். “செல்விப் பிள்ளை பின்னேரம் வெளிக்கிடேக்க அப்பிடித்தான் சொல்லுவா. கதவில நிண்டு, ‘நான் வாறன்’ எண்டு.”

அவருடைய தம்பி பிறகு புத்தளத்தில் கிடைத்தார். தொதல் இனிப்போடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் நானா. பொறியியலாளர் மட்டும், ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்டார்.

எல்லாம் முடிந்த கதைதான். ஆனால் அந்த ‘வாறன்’, டிஸ்க்கைச் சொன்னதா, அவா விடைபெற்றதா, இல்லை உண்மையாகவே வரப்போவதாகச் சொன்னதா, எனக்கு இன்னும் தெரியாது. வீட்டில் வெளிக்கிடும்போது நான் இப்போது ‘போறன்’ என்றுதான் சொல்கிறேன். மனைவி ஏசுகிறாள். மற்றச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது.