மாத்திரை போடாதவர்கள் கை தூக்குங்கள்

காப்பீட்டுக் கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் வந்தது என் கணவரின் நெஞ்சுவலியால்தான். அந்தமானில், மாயாபந்தரில் கடையைச் சாத்திவிட்டு, போர்ட் பிளேர் போய், அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏற்றி, எப்படியோ பிழைக்க வைத்தோம். கம்பெனி மட்டும் கையை விரித்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் முதலில் சேர்த்த ஒரு நாளுக்குள் தகவல் சொல்லவில்லையாம். புயல் மழையில் தீவு முழுக்க போன் செத்துக் கிடந்தது என்றேன். "அதுக்கு ரூல்ல இடம் இல்ல மேடம்" என்றது ஒரு குரல். மறுபடி கூப்பிட்டால் வேறு குரல். எதிரே நின்று திட்டக்கூட ஓர் ஆள் இல்லை.

அந்த ஆத்திரத்தில்தான் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டித் துறைப் பக்கத்துக் கடைக்காரர்கள், மீன் விற்பவர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு மருத்துவக் கூட்டுறவுச் சங்கம் வைத்தோம். மாதாமாதம் பொதுவில் பணம் போடுவோம்; நோய் வந்தவருக்கு அதிலிருந்து எடுப்போம். யாருக்கு என்பதைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவுசெய்வோம். கப்பல் வருகிற நாளில்தான் கூட்டம், அன்றைக்குத்தான் எல்லோரும் துறையில் இருப்பார்கள். நோயாளி மெயின்லேண்ட் போனால் உறுப்பினர் ஒருவர் துணைக்குப் போகவேண்டும்.

தெலுங்குக்கார மீன்காரம்மா சேர வந்தபோது பிரச்சினை முளைத்தது. அவருக்குப் பல வருஷத்துச் சர்க்கரை, காலில் ஆறாத புண். சென்னைக்கு உடனே போகாவிட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடையைத் தலையில் வைத்து வீடுவீடாக நடப்பவருக்குக் கால் போனால் பிழைப்பும் போச்சு.

எழுந்து மறுத்தது வேறு யாருமில்லை, சங்கப் பொருளாளரான என் கணவர்தான்.

"சேரும்போதே இருக்கிற நோய்க்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் படுத்தப்புறம்தான் சேருவாங்க. பொதுவுல என்ன மிஞ்சும்?"

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் பேச்சை என் வீட்டு மனிதர் வாயிலிருந்தே கேட்கவேண்டுமா?

நான் எழுந்தேன். "இங்க மாத்திரை போடாதவங்க கை தூக்குங்க, பார்ப்போம்."

ஒரு கையும் எழவில்லை. பிரஷர், சர்க்கரை, தைராய்டு என்று ஆளுக்கொன்று இருந்தது. என் கணவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்; மத்தியான மாத்திரை அதில்தான் இருந்தது.

"அரே, தீதி சஹி போல்தி ஹை, அக்கா சொல்றது சரிதான்" என்று வங்காளி லாரிக்காரர் சிரித்துவிட்டார்.

"நாம சேர்ந்தப்ப யாரு இதைக் கேட்டா? கேட்டிருந்தா சங்கமே இருக்காதே" என்றேன். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியில், வேண்டா வெறுப்பாகப் பாதி தூரம், என் கணவர் கையும்.

துணைக்கு நானே போனேன். சென்னை ஆஸ்பத்திரி கவுண்டரில் ஒரு பெண், "எந்தக் கம்பெனி மேடம்? யார் அப்ரூவல் குடுப்பாங்க?" என்றாள். ஜெட்டித் துறை டீக்கடை எண்ணைக் கொடுத்தேன். அன்றைக்கும் கப்பல் நாள். தமிழிலும் ஹிந்தியிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் "நாங்க குடுக்கிறோம்" என்று கத்தினார்கள். அவள் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

கால் தப்பியது. ஒரு விரல் மட்டும் போனது. சங்கப் பொதுவும் ஏறக்குறைய காலி. அடுத்த சில மாதங்கள் யாராவது தும்மினாலே என் கணவர் கணக்கு நோட்டைப் புரட்டினார். புரட்டட்டும். அந்த முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

பிறகொரு கூட்டத்தில் ஆஸ்துமா உள்ள ஒருவர் சேர வந்தார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மீன்காரம்மா செருப்பைக் கழற்றி, நான்கு விரல் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணா, க்யா போல்னா ஹை, என்ன சொல்லணும்?"

என் கணவர் உட்கார்ந்து கையைத் தூக்கினார். இந்த முறை முழுசாக.