வெர்லீன் போட்டு வைத்த நாற்காலி

பெற்ற பிள்ளையை நம்பியது ஒரு குற்றமா என்று என்னிடம் கேட்காதீர்கள். வெர்லீன் பட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்கு யார் மேலும் நல்ல எண்ணம் இல்லை.

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், வெளியூர்க்காரர்கள் வண்டியோடு வந்து தங்கும் எங்கள் அரசுப் பூங்காவில் அவளும் நானும் வேலை பார்த்தோம். சம்பளம் கிடையாது. கழிப்பறை கழுவி, விறகு விற்று, படுக்கை, அடுப்போடு வருகிற வண்டிவீடுகளுக்கு இடம் காட்டினால், நம் வண்டியை நிறுத்திக்கொள்ள இடமும் கரண்டும் தண்ணீரும் இலவசம். எனக்கு ஊரில் வீடு இருக்கிறது. பொழுது போகாமல் வந்தவன். அவளுக்கு அந்த வண்டிதான் வீடு. ஊர் சுற்ற வேண்டுமென்று புருஷன் வெண்டல் ஆசைப்பட்டான் என்று இருந்த வீட்டை விற்று அதை வாங்கினார்கள். முதல் குளிர்காலத்திலேயே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பாவி.

மகன் டுவைட் போர்ட்லேண்ட் பக்கம் இருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் ஜூலை நாலு சுதந்திர தின விடுமுறைக்கு எங்கள் பூங்காவில் இடம் பதிவு செய்வான், வர மாட்டான். மறுநாள் மதியம் வரை ஆள் வராவிட்டால் கம்பத்திலிருந்து பெயர்ச் சீட்டைக் கழற்றிவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அது வெர்லீனின் வேலை. மற்றவர்கள் சீட்டை ஈவிரக்கமில்லாமல் கிழிப்பாள். மகனுடையதைத் தொட மாட்டாள். அங்கே தன் மடக்கு நாற்காலியைப் போட்டு, மேஜையில் விரிப்பையும் விரித்து வைப்பாள். நாற்காலி கிடந்தால் ஆள் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் அர்த்தம். ஒருவரும் வண்டியை உள்ளே விட மாட்டார்கள்.

இந்த வருஷமும் மதியம் தாண்டிவிட்டது.

"வெர்லீன், நாற்காலிய எடு. மாட்டிக்கப் போற."

"உன் விறகப் போயி அடுக்கு, கிழவா. ரோட்ல நெரிசலா இருக்கும். வந்துக்கிட்டே இருப்பான்."

"மூணு வருஷமாவா வந்துக்கிட்டே இருக்கான்?"

அவள் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு முட்டை உரிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. இடம் இல்லை என்று வெர்லீன் திருப்பி அனுப்பினாள். அவர்கள் பூங்கா வாசல் அலுவலகத்தில் போய்ப் புகார் சொன்னார்கள். பூங்கா அதிகாரி, ரேஞ்சர் கெண்ட்ரா வந்து நாற்காலியைப் பார்த்தாள்.

"இங்க யாரு இருக்காங்க?"

"என் பையன்."

"எங்க அவரு?"

எவனையும் நாக்கால் உரித்துப் போடுகிறவள், மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே விழுந்து ஏதேதோ பேசிப் பார்த்தேன்.

"ரூல் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றாள் கெண்ட்ரா. அவளுக்கும் சங்கடம்தான். ஆனாலும் அந்த வாரத்தோடு வெர்லீனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் இடமும் போயிற்று. கோடையில் இந்தக் கரை நெடுக ஒரு பூங்காவிலும் காலி இடம் கிடைக்காது.

என் மேஜையில் உட்கார்ந்துதான் மகனுக்குப் போன் போட்டாள். அவளுக்குக் காது மந்தம், போனைச் சத்தமாக வைத்திருப்பாள் என்பதால் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"டுவைட், உன் வீட்டு வாசல்ல வண்டியக் கொஞ்ச நாள் நிறுத்திக்கட்டுமாப்பா?"

"ஐயோ, எங்க காலனில அதெல்லாம் நிறுத்த விட மாட்டாங்கம்மா. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பாப்பாங்க." ஏன் என்று அவன் கேட்கவே இல்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம். எடத்த மட்டும் விட்டுடாத, என்ன?"

"விட மாட்டேன்பா."

போனைப் பிடுங்கி அவனை நாலு கேள்வி கேட்கக் கை பரபரத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மூடுபனி விலகுவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிட்டாள். எங்கே போகிறாய் என்றேன். ஏதாவது பெரிய கடை வாசலில் நிறுத்திப் படுத்துக்கொள்வாளாம். பிறகு அந்த மடக்கு நாற்காலியை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் நீ போட்டு வை."