தாழ்ப்பாள் வேலை

வில்லாபுரத்தில் என் மூன்றரை வயது மகளைச் சேர்த்திருந்த சிறிய பள்ளியில், பிள்ளைகள் தமக்குப் பிடித்ததைச் செய்யலாம். அதற்கு அங்கே ‘வேலை’ என்று பெயர். இவளோ ஒரு மாதமாக, தாழ்ப்பாள்கள் பொருத்திய பலகையையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

“ஆனா, ஆவன்னா எப்பத்தான் சொல்லித் தருவீங்க டீச்சர்?” என்று தினமும் நச்சரித்தேன்.

ஒருநாள் நான் வெளியே துணி காயப்போடும்போது, மகள் வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டாள். உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. பால் கருகும் வாடை வந்தது. கதவைத் தட்டிக் கத்தினேன்.

“சத்தம் போடாதம்மா, வேலை பாத்துக்கிட்டிருக்கேன்ல!”

வாயைப் பொத்திக்கொண்டேன். தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

இப்போது அவளே சட்டைப் பொத்தான் போடுகிறாள். பள்ளிக்கு நேரமாகிறதே என்று என் கை பரபரக்கும். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.